வெள்ளிக்கிழமைக் கிராக்கி

மதியச் சாப்பாட்டு மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது துறைத்தலைவர் கோமதியை அறைக்குக் கூப்பிட்டார். கல்லாங்காடு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததாம். தமிழில் இருக்கும் சில குரல் செய்திகளைக் கேட்டு, மலையாளத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்க ஒரு ஆள் வேண்டுமாம்.

"எனக்கு மூணு மணிக்கு மீட்டிங். நீயே போயிட்டு வந்துரும்மா" என்றார்.

அது அவளுக்குப் புதிய வேலை இல்லை. மலையாள எல்லைக்குள் இருக்கும் சித்தூர் அரசுக் கல்லூரியில் அவள் ஐந்து வருஷமாகத் தமிழுக்குக் கௌரவ விரிவுரையாளர். ஒரு தடவை பாகப் பத்திரத்தையும் இன்னொரு தடவை விபத்தைப் பார்த்த ஒரு லாரி டிரைவர் சொன்னதையும் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறாள்.

"என்ன கேஸுங்க சார்?"

"ஏதோ பியூட்டி பார்லராம். மாடியில நடத்தறாங்களாம். தப்பான தொழில்னு யாரோ புகார் கொடுத்திருக்காங்க."

கோமதியின் கை தானாக இடது தாடைக்குப் போனது. பாதியில் நிறுத்திக் கீழே இறக்கிக்கொண்டாள்.

கல்லாங்காட்டில் மாடியில் நடக்கும் பார்லர் ஒன்றுதான். ஜீவிதாவுடையது. வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம் இரண்டு மணிக்குக் கோமதி, ஸ்கூட்டரை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு, பின்பக்கத்து இரும்புப் படியில் ஏறிப் போகும் இடம் அது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் இடது காதுக்குக் கீழே ஒரு ரூபாய் அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி வந்தது. பிறகு தாடையோரம், பிறகு கழுத்து, வலது மணிக்கட்டு. கோயம்புத்தூர் டாக்டர், இது ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது, தோலில் நிறம் போகிறது, அவ்வளவுதான் என்றார். அம்மா அதைக் கேட்டுவிட்டு வாசலுக்கு வந்து அழுதாள். அண்ணன் சதீஷ் மட்டும் அழவில்லை. "கல்யாணம் முடியற வரைக்கும் ஆருக்கும் தெரியக் கூடாது" என்றான். அவளுக்கு முப்பத்தொரு வயது. மூன்று சம்பந்தம் ஏற்கெனவே ஜாதகத்தில் தட்டிப்போயிருந்தது.

தண்ணீர் பட்டாலும் போகாத பூச்சு ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னது ஜீவிதாதான். மூன்று நிறத்தைத் தட்டில் போட்டுக் குழைத்து, கோமதியின் தோலுக்கு அருகில் வைத்துப் பார்த்து, மறுபடி குழைத்து, ஒரு மணி நேரம் பொறுமையாகப் பூசுவாள். நாலு நாள் தாங்கும். மீதி நாளைக்குக் கோமதியே வீட்டில் தொட்டுக்கொள்வாள். முதல் நாளே கோமதி கேட்டிருந்தாள், "வெளிய ஆருக்கும்..." என்று. ஜீவிதா முடிக்க விடவில்லை. "என்ற வாயிலிருந்து வராதுங்க டீச்சர்" என்றாள்.

தை மாதத்தில் கல்யாணம். மாப்பிள்ளை பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம், நார் மில் வைத்திருக்கும் குடும்பம். ஆனந்தகுமார் என்று பெயர். அவருக்கும் தெரியாது.

காய்ச்சல் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஸ்கூட்டரை எடுக்கும்போது அந்த நினைப்பு வந்தது. ஆனாலும் போனாள். ஜீவிதாவைக் காப்பாற்றுவதற்காகப் போகவில்லை. தன் பெயர் அங்கே எந்தக் காகிதத்திலாவது ஏறிவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான் போனாள். பிற்பாடு அதை அவளே ஒப்புக்கொண்டாள்.

*

ஸ்டேஷன் வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. மோகனசுந்தரம் மாமாவின் கார். அவளுடைய அப்பாவுக்கு மச்சான் முறை. கடைவீதியில் நாலு கட்டடம் அவருக்கு. ஆனந்தகுமார் வீட்டுச் சம்பந்தத்தைக் கொண்டு வந்ததும் அவர்தான்.

உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் எழுந்தார்.

"அட, அம்முணி! நீதான் வாரயா? நல்லதாப் போச்சு. வெளியாளு ஆராவது வந்து ஏடாகூடமா எழுதீருவாங்களோன்னு பாத்தேன்."

"நீங்க எங்கீங்க மாமா இங்க?"

"புகாரே நாந்தானே குடுத்தது. என்ற கட்டடமல்லோ அது."

எஸ்.ஐ. ஜோமோன் நாற்பது வயதுக்காரர். கண்ணுக்குக் கீழே கருவளையம். "டீச்சர் இரிக்கூ" என்று நாற்காலியைக் காட்டினார். அவர் பேசியது மலையாளம். ஆனால் இந்தப் பக்கத்தில் இரண்டு வருஷம் இருந்ததால் தமிழ் கேட்டால் பாதி புரியும்.

ஜீவிதா சுவரோரமாக ஒரு ஸ்டூலில் இருந்தாள். பக்கத்தில் அவளிடம் வேலை பார்க்கும் நிமி. வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பத்துப் பெண், இருபத்திரண்டு வயது, பார்லரின் பின்னறையில்தான் தங்கியிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. இரண்டு பேரையும் காலை பத்து மணிக்கே கூட்டி வந்துவிட்டார்களாம். ஒரு பெண் போலீஸ் அவர்களுக்குக் காவலாக நின்றாள். மேஜைமேல் ஜீவிதாவின் மேக்கப் பெட்டி திறந்தபடி கிடந்தது. பிரஷ்களும் குப்பிகளும் வரிசையாக எடுத்து வைக்கப்பட்டிருந்தன.

கோமதி உள்ளே வந்தபோது ஜீவிதா நிமிர்ந்து பார்த்தாள். கண் ஒரு கணம் நின்றது. பிறகு முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்த்ததுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கோமதிக்கு மூச்சு வந்தது. அதே நொடியில் வெட்கமாகவும் இருந்தது.

"ஒரு வார்த்தைதான் டீச்சர் பிரச்சினை" என்றார் எஸ்.ஐ. சுஜின் என்ற இளம் போலீஸ்காரர் ஒரு தாளை நீட்டினார். தமிழ்ச் செய்திகளை அவர் மலையாள எழுத்தில் எழுதி வைத்திருந்தார். மூன்றே வரி. மூன்றிலும் ஒரு சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு.

கிராக்கி.

"இந்தச் சொல் எனக்குத் தெரியும் சார்" என்றார் சுஜின். "தமிழ்ப் படத்துல கேட்டிருக்கேன். அந்தத் தொழில் பண்ற பெண்கள்கிட்ட வர்ற ஆம்பிளைக்குத்தான் கிராக்கின்னு சொல்றாங்க."

"எழுத்தில் பார்த்தால் போதாது. குரலைக் கேட்கணும்" என்றாள் கோமதி. குரல் சரியாகத்தான் வந்தது.

சுஜின் ஜீவிதாவின் போனை மேஜைமேல் வைத்து முதல் செய்தியை ஓடவிட்டார். ஜீவிதாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"நிமி, கிராக்கி வந்துட்டாங்க. எங்க இருக்கறே? வெரசா வா."

இரண்டாவது. "நாளைக்கு மூணு கிராக்கி இருக்குது. ஒண்ணு புதுசு, பொள்ளாச்சியிலிருந்து வாராங்க. ரூமைச் சுத்தமாக் கூட்டி வெச்சிரு."

மூன்றாவதை ஓடவிடுவதற்கு முன் சுஜின் எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. தலையசைத்தார்.

"வெள்ளிக்கிழமைக் கிராக்கி இப்பப் பின்வாசல்ல வருவாங்க. முன்கதவைச் சாத்திப்போடு. ஆரு கேட்டாலும் உள்ள ஒருத்தரும் இல்லைன்னு சொல்லு."

கோமதி மேஜையைப் பார்த்தபடி இருந்தாள். தன் காதோரம் சூடாகிக்கொண்டே போவது தெரிந்தது. பூச்சுக்குமேல் வியர்த்தால் ஓரம் தெரியும் என்று ஜீவிதா சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டாள்.

"இந்த வெள்ளிக்கிழமை ஆள் யாருன்னு காலையிலிருந்து கேட்கிறோம்" என்றார் எஸ்.ஐ. "சொல்ல மாட்டேங்கிறா."

"சொல்ல முடியாதுங்க" என்றாள் ஜீவிதா தரையைப் பார்த்து. "கல்யாணப் பொண்ணுங்க பேரெல்லாம் சொல்லீட்டேன். கூப்பிட்டுக் கேளுங்க. இது மட்டும் முடியாதுங்க."

"பாருங்க சார்" என்றார் மோகனசுந்தரம். "நான் கண்ணால கண்டதைத்தான் எழுதிக் குடுத்தேன். வெள்ளிக்கிழமை ரெண்டு மணியானா ஒரு ஆளு வாரான். ஹெல்மெட்டைக் கழட்டாமயே படியேறுவான். காலு வரைக்கும் தொங்கற, கையெல்லாம் மூடின கோட்டு. ஒரு மணி நேரம் கழிச்சு அதே மாதிரி எறங்கிப் போறான். ஒழுக்கமா வாரவனுக்கு முன்வாசல் இல்லீங்களா?"

அந்த ஹெல்மெட் வெளியே ஸ்கூட்டரில் தொங்கிக்கொண்டிருந்தது. கோட்டு சீட்டுக்கு அடியில் இருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை என்பது கோமதிக்குப் புரிந்தது. ஆனால் அந்த மாடியை ஒரு நகைக்கடன் கம்பெனிக்கு விடப் பேசிக்கொண்டிருக்கிறார் என்றும், ஜீவிதா இன்னும் இரண்டு வருஷம் ஒப்பந்தம் இருக்கிறது என்று காலி செய்ய மறுக்கிறாள் என்றும் போன மாதமே வீட்டில் பேச்சு வந்திருந்தது. கண்ணில் பட்டதை அவர் தனக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொண்டார்.

"சரி டீச்சர், சொல்லுங்க" என்றார் எஸ்.ஐ. "கிராக்கின்னா என்ன?"

கோமதி வகுப்பில் பாடம் நடத்துவதுபோலப் பேசத் தொடங்கினாள்.

"இது வெளியிலிருந்து வந்த சொல். சமஸ்கிருதத்தில் கிராஹகன் என்றால் எடுத்துக்கொள்பவன், பெற்றுக்கொள்பவன். இந்தியில் காஹக், கன்னடத்தில் கிராகி. மராத்தி, கன்னடம் பேசிய வியாபாரிகள் வழியாகத்தான் நம்ம சந்தைக்கு வந்திருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். பொருளை வாங்க வருகிறவர், அவ்வளவுதான் அடிப்படை அர்த்தம். கொழிஞ்சாம்பாறை சந்தையில் போய் நின்றால் காய் விற்கிறவரும் ஆடு விற்கிறவரும் சொல்வதைக் கேட்கலாம். காலையிலிருந்து ஒரு கிராக்கி இல்லை என்பார்கள்."

"கஸ்டமர்னு சொன்னா போதாதா?"

"படித்தவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். பேங்கில் வாடிக்கையாளர் என்று எழுதியிருப்பார்கள். வாடிக்கை என்றால் வழக்கம். வழக்கமாக வருகிறவர் வாடிக்கையாளர். ஆனால் பேச்சில் அது வராது. இந்தப் பக்கம் கடை வைத்தவர்கள் வாயில் வருவது கிராக்கிதான்."

மூலையிலிருந்து நிமி மெல்லப் பேசினாள். "எங்க பக்கம் ஏலக்காய்க்குக் கிராக்கின்னு சொல்லுவோம் சார். கிராக்கி கூடிருச்சுன்னா வெலை ஏறும். ஆளைக் கிராக்கின்னு சொல்றது இங்க வந்துதான் கேட்டேன். அக்கா சொன்னப்ப நான் சிரிச்சேன்."

"அதுவும் சரி" என்றாள் கோமதி. "வாங்குகிறவர் கூடினால் தேவை கூடும். அப்படி அந்த அர்த்தம்."

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தார். "நல்லாச் சொன்னீங்க. இப்ப நான் கேட்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. சுஜின் சொல்ற அர்த்தம் இந்தச் சொல்லுக்கு உண்டோ, இல்லயோ?"

எழுத வேண்டிய தாளை அவள் பக்கம் தள்ளினார்.

இல்லை என்று ஒரு சொல் போதும். ஜீவிதா இப்போது முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் கோமதி கையெழுத்துப் போடப்போகும் தாள் அது. நாளைக்குக் கோர்ட்டில் இன்னொரு தமிழ் ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேட்டால் அவர் உண்டு என்பார். அப்போது அவள் எழுதிய மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

"உண்டு" என்றாள்.

சுஜின் நிமிர்ந்து உட்கார்ந்தார். மோகனசுந்தரம் பெருமூச்சு விட்டார். நிமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜீவிதாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, பார்வையை மட்டும் விலக்கிக்கொண்டாள்.

"சில ஊர்களில், சில இடங்களில் அந்த அர்த்தத்திலும் சொல்வார்கள்" என்று அவசரமாகத் தொடர்ந்தாள் கோமதி. "ஆனால் அது ஏளனமாகச் சொல்வது. ஒரு கிராக்கி வந்தான், கிராக்கி போச்சு என்று சொல்வார்கள். இந்தச் செய்திகளில் வந்துட்டாங்க, வருவாங்க என்று இருக்கிறது. அது மரியாதை."

"மரியாதையாச் சொல்றாங்கன்னா ஆள் பெரிய ஆளாயிருக்கும் சார்" என்றார் சுஜின்.

"வருவாங்கன்னா ஆணா, பெண்ணா?" என்று கேட்டார் எஸ்.ஐ.

வருவான் என்றால் ஆண், வருவாள் என்றால் பெண். வருவாங்க என்றால் இரண்டும் இல்லை, இரண்டும்தான். மரியாதை என்று எதைக் காட்டினாளோ அதுவே ஆளை மறைத்துவிட்டது.

"அதை வைத்துச் சொல்ல முடியாது" என்றாள்.

எஸ்.ஐ. கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றரை. "சூரியன் இறங்கினா பெண்களை ஸ்டேஷன்ல வைக்க எனக்கு அதிகாரமில்லை. அதுக்குள்ள அரெஸ்ட் எழுதணும், இல்லைன்னா விடணும். எழுத்து மூலம் புகார் இருக்கு, கண்ணால் பார்த்த சாட்சி இருக்கு, மெசேஜ் இருக்கு, இப்ப அர்த்தமும் இருக்கு. அந்த ஒரு ஆள் யாருன்னு தெரிஞ்சா எனக்கு வேற வேலை இல்லை." அவர் ஜீவிதாவின் பக்கம் திரும்பினார். "கடைசியாக் கேட்கிறேன். உன்னோட பேரும் இந்தப் பெண்ணோட பேரும் நாளைக்குப் பேப்பர்ல வரும். யாரு அது?"

"அக்கா, சொல்லீருக்கா" என்று நிமி அவள் கையைப் பிடித்தாள். "எங்கம்மா செத்துரும்க்கா. பேப்பர்ல வந்தா எங்கம்மா செத்துரும். சொல்லீருக்கா."

நிமிக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் கோமதிக்குக் கதவு திறந்துவிடுபவளே அவள்தான். சொல்லிவிடலாம். எதிரே ஐந்தடி தூரத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் அவள் ஜீவிதாவின் கையைத்தான் உலுக்கினாள், கோமதியின் பக்கம் திரும்பவே இல்லை.

"வாக்குக் குடுத்திருக்கறன் நிமி" என்றாள் ஜீவிதா. குரல் உடைந்திருந்தது. "சார், என்னை எழுதிக்குங்க. இந்தப் புள்ளையை விட்டுருங்க."

"ஆக, ஒத்துக்கற மாதிரிதான்" என்றார் மோகனசுந்தரம்.

"நான் ஒண்ணும் ஒத்துக்கலைங்க!"

பெண் போலீஸ் ஜீவிதாவின் தோளைத் தொட்டு உட்கார வைத்தாள். எஸ்.ஐ. புதிய தாளை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

கோமதி அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மனதில் பெரிய நியாயம் எதுவும் ஓடவில்லை என்றுதான் பிறகு சொன்னாள். இன்னும் இரண்டு மாதம் என்று ஓடியது. தை பிறந்துவிட்டால் போதும் என்று ஓடியது. அம்மா முகம் வந்தது. இவர்களுக்கு ஜாமீன் கிடைத்துவிடும், நாமே ஒரு வக்கீலைப் பிடித்துக் கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததும்தான் உடம்பு கூசியது.

"சார், எழுதாதீங்க" என்றாள்.

எஸ்.ஐ. நிமிர்ந்தார்.

"அந்த வெள்ளிக்கிழமைக் கிராக்கி நான்தான்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. மோகனசுந்தரம்தான் முதலில் சிரித்தார். "அம்முணி, என்ன பேசறே? புள்ளைங்களைப் பாத்துப் பாவம்னு நெனச்சுட்டு இப்படியெல்லாம் சொல்லப்படாது."

"பாவம் பாத்துச் சொல்லலீங்க மாமா. நீங்க பாத்த ஹெல்மெட்டு வெளிய ஸ்கூட்டர்ல இருக்குது. சாம்பல் கோட்டு சீட்டுக்கு அடியில இருக்குது."

சுஜின் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இருக்கிறது என்று எஸ்.ஐ.யிடம் தலையசைத்தார்.

"ஹெல்மெட்டும் கோட்டும் யார்கிட்டயும் இருக்கும்" என்றார் எஸ்.ஐ. குரலில் கோபம் ஏறியிருந்தது. "டீச்சர், நீங்க மொழிபெயர்க்க வந்தவங்க. இது மொழி கொடுக்கிறது. தெரியுமில்லையா?" மலையாளத்தில் வாக்குமூலத்துக்கு மொழி என்றுதான் பெயர். "பொய் மொழி கொடுத்தா நீங்களும் அந்த ஸ்டூல்லதான் உட்காரணும். பார்லருக்குப் போற ஒரு பொம்பிளை எதுக்கு முகத்தை மறைச்சுப் பின்வாசல்ல போகணும்?"

கோமதி கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து நனைத்தாள். இடது தாடையில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தேய்த்தாள். தோல் சிவந்ததே தவிர நிறம் அசையவில்லை. அறையில் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் வேகமாகத் தேய்த்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"தண்ணியில போகாதுங்க டீச்சர்" என்றாள் ஜீவிதா. "தோலு உரிஞ்சிரும். எண்ணெய் வேணும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தவள்போல உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

எஸ்.ஐ. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேஜையில் வரிசையாக இருந்த குப்பிகளைக் காட்டி, "எது?" என்று கேட்டார்.

"அந்த நீல மூடிங்க."

அவரே எடுத்துக் கொடுத்தார். கோமதி எண்ணெயைப் பஞ்சில் ஊற்றிக் காதுக்குக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டுத் துடைத்தாள். பஞ்சு மாநிறமாக வந்தது. இன்னொரு பஞ்சு. இன்னொன்று. காதின் கீழிருந்து தாடையோரமாகக் கழுத்து வரை, உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை திறந்தது. பிறகு மணிக்கட்டைத் துடைத்தாள். துடைத்துவிட்டுக் கையை மேஜைமேல் வைத்தாள்.

"கல்யாணம் முடிவாகியிருக்கு சார். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. அதுக்குத்தான் பின்வாசல். அதுக்குத்தான் கதவைச் சாத்தினது. நான்தான் இவங்ககிட்ட வாக்கு வாங்கினேன்."

நிமி இப்போது வாய்விட்டு அழுதாள். ஜீவிதா அழவில்லை. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தாள், வேண்டாம் என்பதுபோல.

எஸ்.ஐ. பேனாவை மூடினார். "எழுதிக்கட்டுமா டீச்சர்?" என்று கேட்டார், மிகவும் மெதுவாக.

"எழுதிக்குங்க. சொல்லோட அர்த்தத்தையும் நான் சொன்ன மாதிரியே எழுதுங்க. மூணு அர்த்தத்தையும்."

எஸ்.ஐ. எழுதும்போதே, ஜீவிதா காலையில் பேர் சொன்ன கல்யாணப் பெண்களில் மூன்று பேரை சுஜின் போனில் கூப்பிட்டுப் பேசினார். பேசி முடித்துவிட்டு வந்து, "சரியாத்தான் இருக்கு சார்" என்றார். அவர் ஜீவிதாவைப் பார்க்கவில்லை.

மோகனசுந்தரம் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "இத்தனை நாளா எங்க மூஞ்சியில கரியைப் பூசிட்டு இருந்திருக்கறீங்க, ஆத்தாளும் மகனும் மகளும்" என்றார். "நாந்தானே அந்த ஊட்டுல போய் நின்னு பொண்ணுக்கு ஒரு கொறையும் இல்லைன்னு சொன்னேன்."

அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது நியாயம்தான்.

நாலரை மணிக்கு மூன்று பேரும் வெளியே வந்தார்கள். வெள்ளைக் கார் அதற்கு முன்பே போயிருந்தது.

*

அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. சதீஷ் அவளிடம் பேசவில்லை, நாலு நாள் பேசவில்லை. அம்மா பேசினாள், ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பி. "ஆரோ ஒருத்திக்காக உன்ற வாழ்க்கையை எடுத்து ரோட்டுல போட்டுட்டு வந்திருக்கறயே, உனக்கென்ன பைத்தியமா?" ஞாயிற்றுக்கிழமை காலையில் பொள்ளாச்சியிலிருந்து ஆனந்தகுமாரின் அம்மா போன் செய்தார். சத்தம் போடவில்லை. இப்போதைக்குப் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோமதி முன்வாசல் வழியாக மாடியேறினாள். ஜீவிதா கண்ணாடிகளைக் கழற்றிப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டிருந்தாள். புகார் தள்ளுபடியாகிவிட்டது, ஒப்பந்தமும் அவள் பக்கம்தான், ஆனால் மாடிக்குத் தண்ணீர் வருவது நின்றுவிட்டிருந்தது. மேற்குத் தெருவில் தையல் கடைக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்திருக்கிறாளாம். நிமியின் அம்மா பிலோமி வண்டன்மேட்டிலிருந்து வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். "போகும்போது திரும்பி வாரேன்னுதான் சொன்னா. வர விடுவாங்களான்னு தெரியாது" என்றாள் ஜீவிதா.

கோமதி ஒரு கண்ணாடியைத் தூக்கக் கை கொடுத்தாள். ஜீவிதா அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நானாக் கேட்டனுங்க டீச்சர், சொல்லுங்கன்னு?"

கோமதி எதிர்பார்த்தது அது இல்லை.

"உங்களாட்ட இன்னும் ஆறு பேரு வந்துட்டு இருந்தாங்க. ஒருத்தருக்குத் தீக்காயம், ஒருத்தருக்குப் பாதி மண்டையில முடியில்லை. எல்லாத்துக்கும் அதே வாக்குத்தான். ஸ்டேஷன்ல வெச்சுக் கேட்டா பேரு வெளிய வந்துரும்னு இப்ப ஒருத்தரும் வாரதில்லை. நான் வாயைத் தொறக்கவேயில்லைன்னு ஆருக்குத் தெரியும்?"

"அப்ப நான் பேசாம இருந்திருக்கோணுமா? உன்னை உள்ள போட்டிருப்பாங்க."

"போட்டிருப்பாங்க." ஜீவிதா சேலையின் முடிச்சை இறுக்கினாள். "எனக்குத் தெரியலீங்க. நிமியை நெனச்சா நீங்க சொன்னது சரி. அந்த ஆறு பேரை நெனச்சா சரியில்லை. உங்க கல்யாணத்தை நெனச்சாத் தூக்கமே வரதில்லை."

அதன்பிறகு இருவரும் மூன்று கண்ணாடியைக் கீழே இறக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். ஏற்றி முடித்ததும் ஜீவிதா, "இன்னைக்குப் பூசோணுமுங்களா?" என்று கேட்டாள். கோமதி வேண்டாம் என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னைக்கு வேண்டாம்" என்று திருத்திச் சொன்னாள்.

கார்த்திகை முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் கல்லூரி வாசலில் ஆனந்தகுமார் நின்றிருந்தார். தனியாக, பஸ்ஸில் வந்திருந்தார். கோமதி முந்தானையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் முதலில் அவள் கழுத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை, பிறகு நேராகவே பார்த்தார்.

"நிச்சயத்தப்ப அரை மணி நேரம் தனியாப் பேசினமே. அப்பச் சொல்லியிருக்கலாமல்லங்க?"

"பயமுங்க" என்றாள் கோமதி. "தப்புத்தான். உங்களை ஏமாத்தோணும்னு நெனைக்கல. ஆனா ஏமாத்தினதுதான்."

கல்லூரி விட்டு வந்த பிள்ளைகள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"ஸ்டேஷன்ல நடந்ததையெல்லாம் கேட்டேன். அம்மாவும் அப்பாவும் வேற எடம் பாக்கறாங்க. நான் அவங்களைத் தடுக்கலை" என்றார். "அதை நேர்ல சொல்லோணும்னு தோணுச்சு. நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியலீங்க. அதுதான் ரெண்டு வாரமா மனசைப் போட்டு அறுக்குது."

பொள்ளாச்சி பஸ் வந்தது. அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் திரும்பும்வரை இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கை அசைக்கவில்லை. பிறகு கோமதி ரோட்டைக் கடந்து எதிர்க்கடையில் ஒரு டீ சொல்லி, அங்கேயே நின்று நிதானமாகக் குடித்தாள்.